தண்டவாளம் போன தடத்தில் மூன்று சக்கரம்

ஆடி மாதத்துக் காலை. சாரல் விழுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத பதம். புதிதாகக் கல் பாவிய பாதையின் தொடக்கத்தில் ஒரு மூன்று சக்கர வண்டி நிற்கிறது. அதில் என் மதினி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மாற்றுச் சேலை, ஒரு சின்னப் புட்டியில் நல்லெண்ணெய், சீயக்காய்ப் பொட்டலம். வண்டியின் பின்கம்பியை நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன்.

மதினி திரும்பிப் பார்க்கவில்லை. "கையை எடுட்டி" என்றாள்.

எடுத்தேன். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் காலையை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். ஆனால் அந்தப் பாதை வந்த கதையை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் பாதி சொன்னதாகத்தான் ஆகும். ஆகவே வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன்.

தண்ணீரைக் கண்டு பயந்தவள்

நான் திருவேங்கடத்துக்காரி. எங்கள் பக்கம் கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை. குளிப்பதென்றால் ஒரு வாளித் தண்ணீர். அந்தத் தண்ணீரும் கால் வழியே வழிந்து கத்தரிச் செடிக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படி வளர்ந்தவளைக் குற்றாலத்துக்குப் பக்கத்தில், சிற்றாற்றங்கரைத் தெரு ஒன்றில் கட்டிக் கொடுத்தார்கள்.

கல்யாணமாகி வந்த முதல் ஆனி மாதம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வெயில் அடிக்கிறது, மழையும் பெய்கிறது. துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. தீப்பெட்டி நமுத்துப்போகிறது. உப்பு ஜாடியில் உப்புக்குப் பதில் தண்ணீர் நிற்கிறது. ராத்திரி பகல் எந்நேரமும் தூரத்தில் ஒரு இரைச்சல். முதல் நாள் அதை ரயில் என்று நினைத்தேன். அருவி என்று மதினிதான் சொன்னாள்.

மதினி பெயர் செண்பகம். என் வீட்டுக்காரருடைய அக்கா. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இருபது வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இரண்டு காலையும் இடுப்புக்குக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டது. நிச்சயமாகியிருந்த கல்யாணமும் அதோடு நின்றது. அதையெல்லாம் அவள் சொல்லி நான் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் சொன்னதுதான்.

வீட்டுக்குள் அவள் கைகளை ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்ந்து எங்கும் போவாள். அடுப்படி, புழக்கடை, வாசல் எல்லாம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் நடந்து போகிற நேரத்துக்கு அவள் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாள். ஒரு கைமெஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நாலைந்து தெருவுக்கு அவள்தான் ரவிக்கை. "செண்பகம் கை வச்சா தோளு சுருங்காது" என்று பேர்.

அருவி எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மைல்கூட இருக்காது. அவள் அதில் குளித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது.

தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாமல் அல்ல. ஒவ்வொரு சீசனுக்கும் என் வீட்டுக்காரர் கேட்பார். நாற்காலியில் கம்பு கட்டி நாலு பேர் தூக்கிப் போகலாம் என்பார். மதினி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பதில் சொல்லுவாள்: "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு இன்னும் நாளு கெடக்கு. அன்னைக்கு நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன்."

ரயில் பார்க்காத ரயில் மேடு

எங்கள் தெருக்கோடியில் ஆற்றை ஒட்டி ஒரு மண்மேடு உண்டு. அதற்கு ரயில் மேடு என்று பெயர். அதில் ரயில் ஓடியதே இல்லை. உலகச் சண்டைக் காலத்தில் மலையடிவாரத்திலிருந்து மரம் கொண்டுவரச் சின்னத் தண்டவாளம் போட்டிருந்தார்களாம். அங்கே தள்ளுவண்டியில் மரத்தை ஏற்றிவிட்டால் அது தன் பாரத்திலேயே மெதுவாக இறங்கி எங்கள் தெருக்கோடி மரக்கடைக்கு வந்துவிடும். காலி வண்டியை ரெண்டு ஆள் திருப்பித் தள்ளிக்கொண்டு போவார்கள்.

சண்டை முடிந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். அடியில் கிடந்த கட்டைகளையும் எடுத்தார்கள். நான் வரும்போது மேடும், கட்டை கிடந்த பள்ளங்களும்தான் மிச்சம். பல் பிடுங்கிய ஈறு மாதிரி வரிசையாகப் பள்ளம். ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் நெல்வயல். எருமைகளும், ஒதுங்க வருகிறவர்களும் தவிர யாருக்கும் அது வேண்டாத இடம்.

மரக்கடை மட்டும் இருந்தது. மரக்கடைக்காரர் தன் கடைக்குப் பின்னால் மேட்டின் மேலேயே மரங்களை அடுக்கி வைத்திருந்தார்.

மைதீன் பாய் செய்த வண்டி

மதினியின் கைமெஷினுக்கு ஏதாவது கோளாறு வந்தால் தென்காசியிலிருந்து மைதீன் பாய் வருவார். சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஒரு தடவை மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டு மதினியின் கைகளையே பார்த்தார். பதினைந்து வருஷமாக உடம்பைச் சுமந்த கை. தோள்பட்டை ஆண்பிள்ளைத் தோள்பட்டை மாதிரி இருக்கும்.

"உங்க கையில இருக்கிற பலம் என் கடையில வாடகைக்கு எடுக்கிற பயலுவ காலுல இல்லம்மா" என்றார்.

ரெண்டு மாதம் கழித்து ஒரு மாட்டுவண்டியில் அதைக் கொண்டுவந்து இறக்கினார். மூன்று சைக்கிள் சக்கரம். நடுவில் பிரம்புப் பின்னல் போட்ட இருக்கை. சைக்கிள் பெடல் காலடியில் இல்லை, நெஞ்சு உயரத்தில் இருந்தது. கையால் சுற்றினால் சங்கிலி முன்சக்கரத்தை இழுக்கும். அந்த மாதிரி ஒன்றை நாங்கள் யாரும் பார்த்தது கிடையாது. பாய் அதைத் தன் வீட்டுப் பெண்கள் நாலு பேருக்குத் தைத்த ரவிக்கைக்குப் பதில் என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மதினி எங்கள் தெருவை ஏழு தடவை சுற்றினாள். எட்டாவது தடவை கோழி ஒன்று குறுக்கே வந்து, அவள் தண்ணீர்த் தொட்டியில் மோதினாள். நாங்கள் பயந்து ஓடினோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

தெரு சரி. அருவிக்குப் போகிற ரோடு வேறு மாதிரி. ஏற்றம். சீசனில் குதிரை வண்டி, மாட்டு வண்டி, பஸ், வழுக்கும் சேறு. ஒரு நாள் முயன்று பார்த்தாள். பாதி ஏற்றத்தில் வண்டி பின்னால் வர ஆரம்பித்தது. பின்னால் ஒரு மாட்டுவண்டி. நான் முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். மூன்று நாள் வண்டி சாக்கு மூடிக் கிடந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஏற்றம்

அருணாசலம் அண்ணாச்சி செங்கோட்டைக்காரர். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். தண்டவாளத்தின் மேல் நடந்து நடந்து, ரோட்டில் நடக்கும்போதும் அளந்த மாதிரி ஒரே எட்டாக வைப்பார். செங்கோட்டை மலையாளச் சீமையை விட்டு மதராஸோடு சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அவர் பேச்சில் இன்னும் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். 'பரவாயில்லை' என்று சொல்ல மாட்டார், 'சாரமில்ல' என்பார்.

மகளுக்கு ரவிக்கை வாங்க வந்தவர் சாக்கு மூடிய வண்டியைப் பார்த்து விசாரித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாசல் நிலையருகே வந்து மதினியிடம் சொன்னார்:

"தங்கச்சி, ரோட்டுல போனா உங்களால முடியாது. ஏன், எனக்கே மூச்சு வாங்கும். ஆனா ரயில் மேட்டுல போகலாம். தண்டவாளத்துக்குச் செங்குத்து ஆகாது. அங்கனயும் ஏத்தம் உண்டு, ஆனா கண்ணுக்குத் தெரியாது. கைக்கும் தெரியாது."

மதினி தைப்பதை நிறுத்தினாள். "அங்கன பள்ளம்லா கெடக்கு அண்ணாச்சி?"

"பள்ளம் சாரமில்ல. அதை மூடலாம். ஏத்தத்தை யாராலயும் மூட முடியாது."

மறுநாளே போய்ப் பார்த்தோம். ஐம்பது கெஜம் போவதற்குள் வண்டி மூன்று பள்ளத்தில் மாட்டியது. எனக்கு முழங்கால் வரை சேறு. ஆனால் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே வண்டி லேசாக ஓடியதை நானும் பார்த்தேன். மதினி பெடலைச் சுற்றுகிற சிரமமே இல்லாமல் சுற்றினாள். திரும்பும்போது சேறு தெறித்த முகத்தோடு, கல் பாவினால் போதும் என்று மட்டும் சொன்னாள்.

ரவிக்கை அளவெடுத்த நேரம்

பஞ்சாயத்துக்கு மனு எழுதினோம். என் வீட்டுக்காரர் எழுத, மதினி கையெழுத்துப் போட்டாள். ஒரு ஆளுக்காகப் பாதை போட முடியாது என்று வாய்ப்பேச்சாகப் பதில் வந்தது.

மதினி அதற்குக் கோபப்படவில்லை. அவள் செய்தது வேறு. அளவு கொடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், நூலைத் தோளில் வைத்துக்கொண்டே, அருவிக்கு எந்த வழியாகப் போகிறாய் என்று கேட்பாள். ரோட்டில் வண்டிகளுக்கு நடுவே ஈரச் சேலையோடு திரும்புகிற கஷ்டம் அவர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர்களாகவே கொட்டித் தீர்ப்பார்கள். ஆற்றோரமாகப் பொம்பளைகள் நடக்க ஒரு பாதை இருந்தால் எப்படி இருக்கும் என்று மதினி ஒரு வார்த்தை சொல்லுவாள். அவ்வளவுதான். அளவை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவாள்.

பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ரவிக்கையாவது மதினி தைத்ததாக இருந்தது. ஒரு மாதத்தில் அந்த வீடுகளில் என்னென்ன பேச்சு நடந்ததோ, எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு மதினியை வரச் சொன்னார்கள்.

மரக்கடைக்காரரும் ஒரு உறுப்பினர். அவர் மகள் கல்யாணத்துக்கான ரவிக்கைகள் அப்போது எங்கள் வீட்டில் இருந்தன. கூட்டத்துக்கு முந்தின நாளே எல்லாவற்றையும் முடித்து, மடித்து, என்னிடம் கொடுத்தனுப்பினாள். இன்னும் பத்து நாள் இருக்கிறதே என்றேன். "நாளைக்கு நான் பேசுறதை அவரு மனசாரக் கேக்கணும். துணி நம்மகிட்ட கெடக்கேன்னு கேக்கக் கூடாது" என்றாள்.

பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஆறு படி. பட்டுச்சேலை கட்டியிருந்தாள். வண்டியிலிருந்து இறங்கி, படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். உதவ வந்தவர்களை நான் கையைக் காட்டி நிறுத்தினேன். உள்ளே போய்ச் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

அவள் நீளமாகப் பேசவில்லை. மேடு ஏற்கனவே இருக்கிறது, கல் மட்டும்தான் இல்லை, சீசனுக்கு வருகிற வெளியூர்ப் பெண்களுக்கும் நல்லது என்றாள். கடைசியாக, "எனக்காகப் போட வேண்டாம். போட்டா நானும் போவேன், அவ்வளவுதான்" என்றாள்.

பாதை போடுவதென்று முடிவானது. மரக்கடைக்காரர் எதிர்க்கவில்லை. மரம் அடுக்கியிருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மரங்களைச் சுற்றி

அந்தக் கோடை முழுக்க ரயில் மேட்டில் உளிச் சத்தம். கருங்கல் பலகைகளைக் கொண்டுவந்து இறக்கி, செதுக்கிப் பாவினார்கள். வாய்க்கால் குறுக்கிடுகிற இடத்தில் அருணாசலம் அண்ணாச்சி லீவு போட்டுவிட்டு வந்து பழைய தேக்குக் கட்டைகளை நெருக்கி அடுக்கிப் பாலம் போட்டார். எங்கள் தெருப் பெண்கள் பள்ளங்களுக்கு ஆற்றுமணல் சுமந்தோம். மதினி நிழலில் உட்கார்ந்து எல்லோருக்கும் மோர் கலக்கிக் கொடுத்துக்கொண்டே, கல்லுக்கும் கல்லுக்கும் இடைவெளி விடாதீர்கள் என்று கொத்தனாரைப் படுத்தி எடுத்தாள்.

பாதை இரு பக்கமும் முடிந்தது. நடுவில், மரக்கடைக்குப் பின்னால் முப்பது கெஜம் மட்டும் மரக்குவியல்.

முதல் சாரல் விழுந்த அன்று மதினி கிளம்பினாள். குவியல் வரை வந்தோம். அவள் வண்டியை விட்டு இறங்கினாள். நான் வண்டியை மரங்களின் மேல் ஏற்றி இழுக்க, அவள் குவியலைச் சுற்றி, வயல் வரப்புச் சேற்றில் கை ஊன்றி ஊன்றி நகர்ந்தாள். மெதுவாகத்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. புடவைக் கரை சேற்றில் இழுபட்டது.

மரக்கடைக்காரர் பின்கதவில் நின்றிருந்தார். மதினி அவரைப் பார்த்து, கல்யாணம் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தாள். அவர் முடிந்தது என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தவர், உள்ளே போய்விட்டார்.

நாங்கள் மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் மழை வலுத்துவிட்டதால் அன்று திரும்பி வந்துவிட்டோம். அதே சேறு, அதே வரப்பு.

மறுநாள் விடியும்போதே மரக்கடையில் ஆள் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் குவியல் கடையின் உள்முற்றத்துக்குப் போய்விட்டது. நாலாவது நாள் அந்த முப்பது கெஜத்துக்கும் கல் வந்து இறங்கியது. கொண்டுவந்து போட்டது பஞ்சாயத்து அல்ல என்று கொத்தனார் சொன்னார். மரக்கடைக்காரர் அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்தக் காலை

இனி வண்டியை எடுக்கலாம்.

நான் கையை எடுத்ததும் மதினி பெடலைச் சுற்றினாள். ஈரக்கல்லில் சக்கரம் 'கிறுகிறு' என்று ஓடியது. பக்கத்தில் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. வயலில் கொக்குகள். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். ரெண்டு பேர் கும்பிட்டார்கள். மதினிக்கு வெட்கமாகிவிட்டது. "என்ன, தேரா வருது" என்று முணுமுணுத்தாள். இரைச்சல் கூடிக்கொண்டே வந்தது. மாம்பழ வாசனையும் வடை சுடுகிற எண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. அண்ணாச்சி சொன்னது சரிதான். ஏறியதே தெரியாமல் ஏறிவிட்டோம்.

பாதை முடிகிற இடத்தில் அருவி முழுசாகத் தெரிந்தது. மதினி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். சாரல் எங்கள் முகத்தில் அடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் கூப்பிடவில்லை.

பிறகு இறங்கினாள். படிகளில் உட்கார்ந்தபடியே, ஒவ்வொன்றாக. பெண்கள் பக்கத்தில் கூட்டம். அவளைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விழுகிற ஓரத்துக்கு நகர்ந்து போய், தலையைக் கொடுத்தாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அருவி முதுகில் அடிக்கும்போது அழுதால் யாருக்கும் தெரியாது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன். பிறகு ரெண்டு பேரும் சிரித்தோம், எதற்கென்றே தெரியாமல். இரைச்சலில் சிரிப்பும் கேட்கவில்லை. பல் மட்டும் தெரிந்தது.

வெளியே வந்து, நடுங்கிக்கொண்டே ஆளுக்கு நாலு வடை தின்றோம். மதினி ஐந்தாவதையும் கேட்டாள்.

திரும்புகிற வழியில்தான் வேடிக்கை. ஏறும்போது தெரியாத ஏற்றம், இறங்கும்போது தெரிந்தது. மதினி பெடலை விட்டுவிட்டாள். வண்டி தானாக ஓடியது. முதலில் நான் வேகமாக நடந்தேன். பிறகு ஓட வேண்டியதாயிற்று. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்யாணமான பிறகு முதல்முறையாக, ஊர் பார்க்க ஓடினேன். வண்டியை எட்டிப் பிடிக்க முடியவில்லை. முன்னால் ஈரத் தலைமுடி காற்றில் பறக்க அவள் போய்க்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரர் தெருக்கோடியில் நின்றிருந்தார். மூச்சு வாங்க வந்து நின்ற எனக்குத் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

இன்னொரு காலை

அந்த சீசனில் தினமும் போனோம். சில நாள் பின்னால் தெருவே வந்தது.

ஆவணி பிறக்கப்போகிற சமயம். ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், மதினி படுக்கையில் இல்லை. அடுப்படியில் இல்லை, புழக்கடையில் இல்லை. வாசலில் வண்டியும் இல்லை. முகம்கூடக் கழுவாமல் ரயில் மேட்டில் ஓடினேன். வாய்க்கால் பாலத்தில் எட்டிப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்தேன். எங்கும் இல்லை. பாதை முடிவில், படிக்கு மேலே வண்டி மட்டும் நின்றது. சக்கரத்துக்கு ஒரு கல் முட்டுக்கொடுத்திருந்தது.

கீழே பார்த்தேன். அருவிக்கரையில், மதுரையிலிருந்து வந்த ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவே மதினி உட்கார்ந்திருந்தாள். யாரோ ஒருத்தி அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதினி இன்னொருத்தி ரவிக்கையின் தோளைப் பிடித்து, தையல் எங்கே தப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

நான் போய் முன்னால் நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எதுக்குட்டி வந்தே?" என்றாள். "வீட்டுல அடுப்பு பத்தவச்சாச்சா?"